நாகலெட்சுமி வாங்கிக் கொடுத்த மழைக்கோட்டு

நாகலெட்சுமியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வரும். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருக்கிறது. அதுவும் கூரை வரைக்கும் எழும்பாத சுவர்; தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அப்படித்தான். அந்தப் பக்கம் அவள் யாரைத் திட்டினாலும் இந்தப் பக்கம் எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்கும். கேட்கட்டும் என்றுதான் திட்டுவாள். என் கோழி அவள் கீரைப் பாத்தியைக் கிளறியதற்காக என் பாட்டன் வரைக்கும் இழுத்துப் பேசியவள் அவள். நானும் சும்மா விடவில்லை. எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம்.

ஆனாலும் எழுதுகிறேன். ஏனென்றால் நோர்வூட் பஸ்ஸில் ஏறினால் யார் யாரோ அவளைப் பற்றிப் பேசுகிறார்கள். கூடப் பிறந்த தம்பியைச் சபை ஏற்றியவளாம். ஒரு மழைக்கோட்டுக்காக உறவை அறுத்தவளாம். அவளைத் திட்டுவதென்றால் நாங்கள் திட்டிக்கொள்வோம். அவளோடு ஒரே பீலியில் வரிசை நின்று தண்ணீர் பிடிக்காதவர்களுக்கு அந்த உரிமை கிடையாது.

அவள் பிறந்ததும் வளர்ந்ததும் இதே லயத்தில்தான். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா கொழுந்து பறித்து இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தாள். அந்த அம்மாவை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தியில் கூடையை இறக்கி வைத்துவிட்டு வாசலில் குப்புறப் படுத்துவிடுவாள். கூடை உரசி உரசி அவள் முதுகு முழுக்கக் கன்றிப் போயிருக்கும். மகன் முத்துலிங்கம் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் எண்ணெய் தேய்த்துவிடுவான். அப்போது அவன் பள்ளிக்கூடம் போகிற பையன். நாகலெட்சுமி அடுப்படியில் நின்று இருவரையும் திட்டிக்கொண்டே ரொட்டி சுடுவாள். அப்போதே அவளுக்கு வாய் அப்படித்தான்.

அம்மா இறந்ததும் நாகலெட்சுமி தோட்டத்தில் பேர் பதிந்தாள். தம்பியைப் படிக்க வைத்தாள். அவள் புருஷன் கொழும்புக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டான். அவனைப் பற்றி அவள் பேசுவதில்லை, நானும் எழுதப் போவதில்லை. மிச்சம் இருந்தது மகள் சர்மிளாவும் தம்பி முத்துலிங்கமும்தான்.

அவள் வாய் எங்களுக்கு உதவியும் இருக்கிறது, அதை மறைக்க முடியாது. ஒருமுறை ஈரக்கொழுந்து என்று சொல்லி நிறுவையில் அளவுக்கு மேல் கழித்தார்கள். நாங்கள் முணுமுணுத்துவிட்டு வரிசையில் நகர்ந்தோம். இவள் தராசுக்கு முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மலையை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா மோட்டார் சைக்கிளில் வந்து கெஞ்சும் வரைக்கும் எழும்பவில்லை. அதற்குப் பிறகுதான் எங்கள் டிவிசன் மகளிர் சங்கத்துக்கு அவளைத் தலைவியாக்கினோம். பிரியத்தால் அல்ல. சண்டை போட ஒரு ஆள் வேண்டியிருந்தது.

முத்துலிங்கத்தைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. கொழும்பில் ஒரு கடையில் சில வருடம் நின்றுவிட்டு வந்து நோர்வூட் கடைவீதியில் கடை போட்டான். வாளி, பாய், போர்வை, பிளாஸ்டிக் கதிரை, சப்பாத்து என்று எல்லாம் விற்பான். கடையில் உட்கார்ந்து விற்பதைவிட லயம் லயமாகப் போய் விற்பதில்தான் அவன் கெட்டிக்காரன். பையில் ஒரே ஒரு சாம்பிள் இருக்கும். அதைத் தொட்டுப் பார்க்கச் சொல்வான், இழுத்துப் பார்க்கச் சொல்வான். பேச்சு மட்டும் வற்றாது. பிறகு ஓட்டோவில் சாமான் வந்து இறங்கும். வாளியின் காது ஒரு மாதத்தில் கழன்றுவிடும். போர்வை துவைத்தால் பாதியாகும். யாராவது கேட்டால் பல்லைக் காட்டுவான். “நம்ம பய” என்று நாங்களும் விட்டுவிடுவோம். ஒரு வாளிக்காக யார் நோர்வூட் வரைக்கும் போய்ச் சண்டை பிடிப்பது?

போன வருடம் மழை தொடங்குவதற்கு முன்னால் சங்கத்தில் எல்லோருக்கும் மழைக்கோட்டு வாங்குவதென்று முடிவானது. எங்கள் மலையில் மழை பிடித்தால் விடாது. பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு கொழுந்து பறித்தால் மத்தியானத்துக்குள் கிழிந்துவிடும். நனைந்த உடுப்போடு நின்றால் இருமல், காய்ச்சல். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் இல்லை, சம்பளமும் இல்லை. அதனால் கோட்டு எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. ஹட்டனில் ஒரு பெரிய கடையில் விசாரிக்கலாம் என்றோம். நாகலெட்சுமிதான் தடுத்தாள்.

“எந்தம்பி கடை இருக்கையில ஹட்டனுக்கு எதுக்குடி போகணும்? அவன் எனக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணு குடுப்பானா? நான் பொறுப்பு.”

அந்த ‘நான் பொறுப்பு’ என்ற சொல்லை எல்லோரும் கேட்டோம்.

முத்துலிங்கம் கோயில் முற்றத்துக்கு ஒரு கோட்டோடு வந்தான். கரும்பச்சை நிறம், உள்பக்கம் வழவழவென்று இருந்தது. எல்லோரும் தொட்டுப் பார்த்தோம். அவன் அதைத் தன் தோளில் போட்டுக்கொண்டு நாடகத்தில் ராஜா வேசம் கட்டியவனைப் போல முன்னும் பின்னும் நடந்தான்.

“இது உள்ளுக்கு ரப்பர் பூசுனதுங்க. கூடையத் தூக்கிக்கிட்டு நாள் பூரா மலையில நில்லுங்க, முதுகுல ஒரு சொட்டு ஏறாது. ஏறுனா எம்பேர மாத்திக்கிறேன்.”

எல்லோருக்கும் ஒன்று என்று சொல்லிவிட்டோம். அவன் சாம்பிளை எங்களிடமே விட்டுவிட்டுப் போனான். சாமான் வந்ததும் ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றான். அப்போது அது பெரிய மனதாகத் தெரிந்தது.

இனி வருவது எங்கள் லயத்து ஆட்களுக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி. சாம்பிள் கோட்டை யார் வைத்திருப்பது என்று தகராறு வந்தது. தலைவி வீட்டில் இருக்கட்டும் என்றாள் ஒருத்தி. தலைவி போட்டுக்கொண்டு திரிவாள் என்றாள் இன்னொருத்தி. கோயிலில் வைத்தால் பூசாரி மகன் போட்டுக்கொள்வான். எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தீபாவளிக்கு ஆடு அடித்தாலும் சரி, எந்தப் பொதுச் சாமானாக இருந்தாலும் சரி, கூறு போட்டுவிடுவோம். கூறு போட்டால் யாருக்கும் வயிறெரியாது. அன்றும் அதுதான் நடந்தது. யாரோ கவ்வாத்துக் கத்தியைக் கொண்டுவர, நாகலெட்சுமியே உட்கார்ந்து அந்தக் கோட்டை உள்ளங்கை அளவுத் துண்டுகளாக வெட்டினாள். வீட்டுக்கு ஒரு துண்டு. என் துண்டில் பொத்தான் இருந்தது. அதற்காகவும் ஒருத்தி என்னோடு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

துண்டில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். நின்றது. சந்தோசப்பட்டோம். உள்ளங்கை அளவுத் துண்டை முதுகில் போட்டுக் கூடையை ஏற்றி மழையில் நின்று பார்க்க முடியாதே என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை.

கோட்டுகள் வந்த அன்று வெள்ளிக்கிழமை. கட்டைப் பிரிக்கும் முன்பே கோயில் முன்னால் வைத்து மஞ்சள் தெளித்துக் கட்டுகளுக்குப் பொட்டு வைத்தோம். முத்துலிங்கமும் பக்தியாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். பிறகு ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போனோம்.

மழை பிடித்தது. முதல் நாள் பரவாயில்லை. இரண்டு மூன்று நாளில் முதுகில் சில்லென்று இறங்கியது. அந்த வாரம் முடிவதற்குள் கோட்டைப் போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான். கழற்றிப் புரட்டிப் பார்த்தோம். கூடை உரசிய இடத்தில் உள்பூச்சு வெந்த உருளைக்கிழங்குத் தோலைப் போல உரிந்து வந்தது. அது ரப்பர் இல்லை. ஏதோ மெல்லிய பூச்சு.

அன்று மாலை பீலிக்கரையில் நடந்ததை இப்போது நினைத்தாலும் காது கூசுகிறது. அக்காவும் தம்பியும் சேர்ந்து எங்கள் தலையில் மிளகாய் அரைத்துவிட்டார்கள் என்றார்கள். தம்பி அவளுக்குப் பங்கு கொடுத்திருப்பான் என்றார்கள். மகள் கல்யாணத்துக்கு எங்களிடம் சுருட்டிவிட்டாள் என்றும் ஒருத்தி சொன்னாள். ஈரக் கோட்டுகளை ஒவ்வொருத்தியாகக் கொண்டுவந்து நாகலெட்சுமி வாசலில் எறிந்தோம். நானும்தான் எறிந்தேன். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை. பொறுப்பு என்றவள் அவள்தானே?

அவள் வாசலில் நின்று பதிலுக்குத் திட்டினாள். ஆனால் வழக்கமான வேகம் இல்லை. தலைவி வேலையை விட்டு விலகு என்று கூச்சல் வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று இரவு சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எனக்கு அது புதுசாக இருந்தது.

மறுநாள் அவள் தம்பி கடைக்குப் போனாள். அவள் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். எனக்கு அவள் மேல் நம்பிக்கை இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் நான் வேண்டுமென்றாள். நான் பார்த்தால் லயம் நம்பும்.

முத்துலிங்கம் கதிரையைவிட்டு எழும்பவில்லை.

“சாம்பிள் குடுத்தேன்ல அக்கா? எடுத்துட்டு வா. ஒத்துப் பாப்போம். வித்தியாசம் இருந்தா அத்தனையும் திருப்பி எடுத்துக்கிறேன்.”

திரும்பி வந்து வீடு வீடாக நின்று துண்டுகளைக் கேட்டாள். சிலர் முகத்தில் அடித்தாற்போல் கொடுத்தார்கள். அவற்றைக் கோட்டுகளின் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதே நிறம், அதே துணி, அதே வழவழப்பு. ஒரு துண்டைக் கூடையின் விளிம்பில் தேய்த்தாள். அதே மாதிரி உரிந்தது. சாம்பிளும் அதே குப்பைதான். அவன் எங்களை மாற்றிக் கொடுத்து ஏமாற்றவில்லை. காட்டும்போதே ஏமாற்றியிருக்கிறான்.

துண்டுகளை அள்ளிக்கொண்டு மறுபடியும் கடைக்குப் போனோம். அவன் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“அச்சு அசல் அதே சாமான். நீங்களே பாத்தீங்க, நீங்களே தொட்டீங்க, பொட்டு வச்சு எடுத்துக்கிட்டீங்க. இனி என்னா பேச்சு?”

“நான் மத்தியஸ்த சபைக்குப் போவேன்டா,” என்றாள் நாகலெட்சுமி.

அவன் சிரிப்பு நின்றது. “போ. போனா ஒண்ணு ஞாபகம் வச்சுக்க. ஆவணியில சர்மிளா கல்யாணத்துக்கு வேற எவனையாச்சும் தாய்மாமனாப் பாத்துக்க.”

எங்கள் பக்கம் தாய்மாமன் என்பது பேருக்கு இல்லை. சீர்ப்பெட்டியை அவனேதான் சுமந்து வரவேண்டும். அவன் வந்து பெண்ணை மணவறைக்கு அழைத்துப் போகாமல் தாலி ஏறாது. மாப்பிள்ளை சுதாகரன் லிந்துலைப் பையன், தங்கமானவன். அவன் அம்மா அப்படி இல்லை. முறை தவறினால் பந்தியில் உட்காரமாட்டாள். நிச்சயதார்த்தத்தின்போதே “தாய்மாமன் எங்கங்க?” என்று இரண்டு தடவை கேட்டவள். இவர்களுக்கு வேறு ஆண் துணையும் கிடையாது. முத்துலிங்கம் எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரிந்துதான் அடித்தான். அன்றைக்கு அவனைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

பஸ்ஸில் வரும்போது நான் சொன்னேன்: “விட்டுத் தொலை. நாலு நாளைக்குத் திட்டுவாளுங்க, அப்புறம் மறந்துருவாளுங்க. கல்யாணத்தப் பாரு.”

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “நீ மறப்பியா?”

மறக்கமாட்டேன் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மத்தியஸ்த சபை விடுமுறை நாளில் ஒரு பாடசாலை மண்டபத்தில் கூடும். நாங்கள் ஏழெட்டுப் பேர் போனோம். அவளுக்குத் துணையாக என்று சொன்னால் பொய். தம்பிக்கு விட்டுக்கொடுக்கிறாளா என்று பார்க்கப் போனோம். அவளும் அதை முகத்துக்கு நேரே சொன்னாள். “காவலுக்கு வந்தீங்களாடி?” என்றாள்.

மூன்று மத்தியஸ்தர்கள். அதில் அதிகம் பேசியவர் தம்பிராசா என்ற பெரியவர். யாழ்ப்பாணத்துக்காரர், ஹட்டனில் நெடுங்காலம் வாத்தியாராக இருந்து இங்கேயே தங்கிவிட்டவர். முத்துலிங்கம் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தான். கோட்டையும் துண்டையும் மேசையில் அடுக்கி வைத்துவிட்டுப் பெரிய வக்கீல் மாதிரி நின்றான்.

“பாருங்க சேர். சாம்பிளும் இதுதான், சரக்கும் இதுதான். ஒரு நூல் வித்தியாசம் இல்ல. சாம்பிளக் கையிலயே குடுத்தேன். ஒத்துப் பாக்க வழியும் குடுத்தேன். இதுக்கு மேல ஒரு யாவாரி என்னாங்க செய்யணும்?”

நியாயம் அவன் பக்கம் போவது போலத்தான் இருந்தது. தம்பிராசா துண்டையும் கோட்டையும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

“ஓம், ரெண்டும் ஒண்டுதான்,” என்றார். முத்துலிங்கம் எங்களைத் திரும்பிப் பார்த்து இளித்தான். அவர் நிதானமாகக் கேட்டார்: “சாம்பிளைச் சும்மா கையில குடுத்திட்டுப் போனனீரோ, இல்லாட்டி ஏதும் சொல்லி வித்தனீரோ?”

அங்கேதான் அவன் புத்தி அவனைக் காட்டிக்கொடுத்தது. பேசச் சொன்னால் அவனால் நிறுத்த முடியாது. துண்டையும் கோட்டையும் விட்டுவிட்டு நெஞ்சை நிமிர்த்தினான்.

“சொல்லாம விப்பேனாங்க? கோயில் முத்தத்துல அத்தன பேருக்கும் முன்னால சொன்னேன். உள்ளுக்கு ரப்பர் பூசுனது, கூடையத் தூக்கிக்கிட்டு நாள் பூரா நின்னாலும் முதுகுல ஒரு சொட்டு ஏறாதுன்னு!”

“அப்ப இது ரப்பரோ?”

அவன் கோட்டின் உள்பக்கத்தைக் கையால் மறைத்தான்.

“தம்பி, இதை வடிவாக் கேளும்,” என்றார் தம்பிராசா. “சாம்பிளைக் காட்டி மட்டும் வித்தால், சரக்கு சாம்பிளோட ஒத்துப்போக வேணும். நீர் சாம்பிளும் காட்டி, இன்ன சாமான் எண்டு விவரமும் சொல்லி வித்திருக்கிறீர். அப்பிடியெண்டால் சாம்பிளோட ஒத்துப்போனது மட்டும் காணாது. சொன்ன விவரத்தோடயும் ஒத்துப்போக வேணும். சட்டம் அப்பிடித்தான் சொல்லுது. விளங்குதோ?”

“அவங்களேதானே சாம்பிளப் பாத்தாங்க?”

“பார்த்தவைதான். சாதாரணமாப் பார்த்தால் தெரியாத பழுது உள்ளுக்கு இருந்தால், அதுக்கும் வித்தவன்தான் பொறுப்பு. தொட்டுப் பார்த்தும் தண்ணி ஊத்திப் பார்த்தும் இது தெரியாது. கூடை உரசினால்தான் தெரியும்.”

“பொட்டு வச்சு ஏத்துக்கிட்டாங்களே சேர்!”

“கட்டைப் பிரிக்க முன்னம்தானே பொட்டு வச்சவை? பிரிச்சுப் பார்க்காத சாமானை ஏற்றுக்கொண்டதா எப்பிடிச் சொல்லுறது?”

நடுவில் இருந்த சிங்களப் பெரியவர், சரி என்பதற்கு, ‘ஹரி, ஹரி’ என்று தலையாட்டினார். முத்துலிங்கம் கடைசியாக ஒன்றைப் பிடித்தான். “கூடை உரசி உரியும்னு எனக்கு எப்பிடிங்க தெரியும்? நான் யாவாரி. கொழுந்தா பறிக்கிறேன்?”

அதுவரை பேசாமல் இருந்த நாகலெட்சுமி எழுந்தாள். கத்துவாள் என்று நினைத்தோம். அவள் கத்தவில்லை.

“ஒனக்குத் தெரியாதாடா? அம்மா முதுகுல எண்ண தேச்சுவிட்டது யாரு? கூடை எங்க எங்க உரசும்னு ஒங்கைக்குத் தெரியாதாடா?”

அவன் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. அவள் மேல் வந்தது, அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

சபை தீர்ப்புச் சொல்வதில்லை, இணக்கம்தான் செய்யும். இணங்காவிட்டால் நீதிமன்றம் என்றார்கள். பழைய கோட்டுகளை எடுத்துக்கொண்டு சொன்னபடியே ரப்பர் பூசிய கோட்டுகள் தருவதாக அவன் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டான். கைகொடுத்துக்கொள்ளுங்கள் என்று தம்பிராசா சொன்னார். இருவருமே கையை நீட்டவில்லை. வாசலில் வைத்து முத்துலிங்கம் சொன்னான்: “இன்னையோட எனக்கு அக்கா இல்ல.”

“கோட்டு எப்ப வரும்?” என்று கேட்டாள் அவள்.

கோட்டு வந்தது. அவன் வரவில்லை, ஓட்டோக்காரனிடம் கொடுத்தனுப்பியிருந்தான். ஒருத்தி மஞ்சளோடு ஓடிவர, நாகலெட்சுமி அவள் கையைத் தட்டிவிட்டாள். கட்டைப் பிரித்து நடுவிலிருந்து ஒன்றை உருவி என்னிடம் எறிந்தாள்.

“காளியாயி, போடு. கூடைய மாட்டு.”

கூடையில் கல்லும் கொழுந்துமாக நிரப்பி என் முதுகில் ஏற்றினார்கள். முதலில் லயத்துக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டில் ஏறி இறங்கி நடக்கவிட்டாள். அப்புறம் பீலிக்குக் கீழே நிறுத்தினாள். பனித்தண்ணீர் தலையில் கொட்டியது. பல் கிடுகிடுத்தது. போதும் என்றேன், போதாது என்றாள். என் கோழிக்காக இப்படிப் பழிவாங்குகிறாள் என்றுதான் நினைத்தேன். ஒருவழியாக விட்டதும் கோட்டைக் கழற்றி என் முதுகைத் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. “இப்ப வைங்கடி பொட்டு,” என்றாள். யாரும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. தலைவி வேலையை விடச் சொல்லியும் அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

ஆவணி வந்தது. கல்யாணத்தன்று விடிந்ததிலிருந்து மழை. கோயில் மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சுதாகரனின் அம்மா வாசலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். “தாய்மாமன் இன்னும் வரலையாங்க?” சர்மிளா அலங்காரத்தோடு உள்ளே அழுதுகொண்டிருந்தாள். கண் மை முழுக்கக் கரைந்துவிட்டது. நாகலெட்சுமி ஒரு வாரமாக யாரிடமும் தம்பியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நல்ல நேரம் நெருங்க நெருங்க அவள் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன். “வரலைன்னா நானே சொமக்கிறேன்,” என்றாள். சம்பந்தி கேட்கட்டும் என்று சத்தமாகத்தான் சொன்னாள்.

அப்போதுதான் கீழே படிக்கட்டில் அவனைப் பார்த்தோம். மழையில் அவன் வந்த வான் வண்டி ரோட்டோடு நின்றுவிட்டது. முத்துலிங்கம் சீர் வைத்த தகரப்பெட்டியை முதுகில் ஏற்றிக் கயிற்றைத் தோளில் பிடித்துக்கொண்டு, குனிந்து குனிந்து ஏறி வந்தான். மேலே போட்டிருந்தது கரும்பச்சைக் கோட்டு. நாங்கள் திருப்பிக் கொடுத்த அதே கோட்டு. சாமான் நல்ல சாமான்தான் என்று அத்தனை பேருக்கும் முன்னால் காட்டவே போட்டு வந்திருக்கிறான். பாசத்தில் வந்தானோ, லயத்து ஆட்கள் யாரும் அவன் கடைப்பக்கம் போகாததால் வந்தானோ, எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன்.

வாசலில் ஆரத்தித் தட்டோடு ஒருத்தி பெட்டிக்குப் பொட்டு வைக்கப் போனாள்.

“பொட்டு அப்புறம்,” என்றாள் நாகலெட்சுமி. “பெட்டிய எறக்குடா.”

இறக்கினான்.

“திரும்பு.”

“எதுக்கு?”

“திரும்புடா!”

திரும்பினான். அவள் கோட்டைப் பிடித்து உரித்தாள். பட்டுச்சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. பெட்டி உரசிய இடம் முழுக்கத் தொப்பலாக நனைந்திருந்தது. உரிந்த பூச்சு சட்டையில் செதில் செதிலாக ஒட்டியிருந்தது. எங்கள் பெண்கள் சிரித்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“நனஞ்சிட்டியா?” என்று கேட்டாள்.

“இல்ல,” என்றான்.

அவள் தன் உள்ளங்கையை அவன் முதுகில் வைத்து எடுத்தாள். ஈரக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“கோட்டத் திருப்பிக் குடுத்துட்டோம். ஒன்னைய எங்கடா கொண்டு போயித் திருப்பிக் குடுக்கிறது? அம்மாவும் இல்ல.”

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவள் கல்யாணப் பட்டுச்சேலை என்றுகூடப் பார்க்காமல் முந்தானையை உருவி அவன் தலையையும் முதுகையும் துவட்டினாள். அழுக்குப் பானையைத் தேய்ப்பது போல முரட்டுத்தனமாகத் துவட்டினாள். அவன், அம்மா முன்னால் உட்கார்ந்த சின்னப் பையனைப் போலக் குனிந்து கொடுத்தான்.

அந்த நேரத்திலும் அவள் கண் பெட்டி மேலேயே இருந்தது.

“காளியாயி,” என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். “பெட்டியத் தொறந்து அடிவரைக்கும் பாரு. பாத்துட்டு அப்புறம் பொட்டு வை.”

நான் திறந்து அடிவரைக்கும் பார்த்தேன். சேலை நல்ல சேலைதான். பொட்டு வைத்தேன்.